ஒன்டாரியோவில் முதல் ஓவர்-அண்டர் துப்பாக்கி வாங்குவது எப்படி: தட்டு சுடவும் பறவை வேட்டைக்கும் ஒன்றே போதும்

கனடாவுக்கு வந்து நிலைபெற்ற பிறகு, வார இறுதியில் நண்பர் ஒருவர் ட்ராப் மைதானத்துக்கு, அதாவது எறியப்படும் தட்டுகளைப் பறக்கும்போதே சுடும் இடத்துக்கு, அழைத்துப் போவார். ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்று வானத்தில் பறந்து பொடிப்பொடியாக உடையும். அன்று மாலையே ‘எனக்கும் ஒரு துப்பாக்கி வேண்டும்’ என்று தோன்றிவிடும். அதற்குப் பிறகுதான் சிரமம் தொடங்குகிறது. எந்த வகுப்பு, எந்த உரிமம், எவ்வளவு செலவு, எத்தனை அங்குலக் குழல் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். எனக்கு இதையெல்லாம் தமிழில் ஒரே இடத்தில் சொல்ல யாரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரட்டைக்குழல் துப்பாக்கியைத்தான் ஓவர்-அண்டர் என்கிறோம். தட்டு சுடுவதற்கும் வாத்து, க்ரௌஸ் (காட்டுக்கோழி போன்ற பறவை) வேட்டைக்கும் ஒரே துப்பாக்கி போதும் என்று நினைப்பவர்களுக்கான கட்டுரை இது. போட்டிகளில் இறங்கப் போகிறவர்களின் தேவை வேறு.

1. வாங்கும் முன் சுட்டுப் பாருங்கள்

உரிமம் இல்லாமலே சுட்டுப் பார்க்கலாம். உரிமம் உள்ள ஒருவர் பக்கத்திலேயே நின்று நேரடியாகக் கண்காணித்தால் போதும், சட்டம் அதை அனுமதிக்கிறது. பல தட்டு மைதானங்கள் புதியவர்களுக்கென்று ஒரு மாலையை ஒதுக்கி, துப்பாக்கியும் தோட்டாவும் தந்து கற்றுக்கொடுக்கின்றன. உங்கள் ஊருக்கு அருகில் உள்ள மைதானத்தை அழைத்துக் கேளுங்கள். ட்ராப்பில் தட்டு உங்களை விட்டு விலகிப் பறக்கும், ஸ்கீட்டில் பெரும்பாலும் குறுக்கே பறக்கும், இரண்டுமே ஒரு சுற்றுக்கு 25 தட்டு. ஸ்போர்ட்டிங் க்ளேஸ் என்றால் காட்டுப் பாதையில் நடந்து நடந்து 50 அல்லது 100 தட்டு சுட வேண்டும்.

மூன்றையும் ஒரு முறையாவது சுட்டுவிடுங்கள். காரணம் இருக்கிறது. ட்ராப்புக்கென்றே செய்த துப்பாக்கி, பார்வைக்கோட்டுக்கு மேலே சுடும்படி அமைந்திருக்கும். தட்டு எப்போதும் மேலேறிக்கொண்டே போவதால் அங்கே அது நல்லது. அதைத் தூக்கிக்கொண்டு வாத்து வேட்டைக்குப் போனால், இறங்கி வரும் பறவையின் தலைக்கு மேலே சுட்டுக்கொண்டிருப்பீர்கள். கடையில் தள்ளுபடியில் கிடைக்கிறது என்று ட்ராப் துப்பாக்கியை எடுத்துவிடாதீர்கள்.

2. உரிமத்தைக் குளிர்காலத்திலேயே தொடங்குங்கள்

செப்டம்பர் வேட்டைப் பருவத்துக்குத் தயாராக வேண்டும் என்றால் ஜனவரி அல்லது பிப்ரவரியில் வகுப்பில் சேருங்கள். கோடையில் சேர்ந்தால் அந்த ஆண்டுப் பருவம் கை நழுவ வாய்ப்பு அதிகம்.

முதலில் கனேடிய சுடுகலன் பாதுகாப்பு வகுப்பு. எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டிலும் 80 சதவீதம் எடுக்க வேண்டும். செய்முறையில் பலர் தோற்பது ஒரே இடத்தில்தான்: துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் விரல் விசைக்குள் போய்விடுகிறது, அல்லது குழலின் முனை பக்கத்தில் நிற்பவரை நோக்கித் திரும்புகிறது. வீட்டில் ஒரு துடைப்பக் கட்டையை வைத்தாவது பழகுங்கள்.

வேட்டைக்கு ஒன்டாரியோ வேட்டைக் கல்வி வகுப்பையும் முடித்தாக வேண்டும். இரண்டையும் ஒரே வார இறுதியில் நடத்தும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். இரண்டுக்கும் சேர்த்து முந்நூறு, நானூறு டாலர் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பதிவு செய்யும்போதே ‘தேர்வுக் கட்டணமும் இதில் அடக்கமா?’ என்று கேளுங்கள்.

தேர்ச்சி அறிக்கை கைக்கு வந்ததும் பி.ஏ.எல். எனப்படும் சுடுகலன் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். வயது 18 ஆகியிருக்க வேண்டும், குடியுரிமை கட்டாயம் இல்லை. நமக்குத் தேவையானது கட்டுப்பாடற்ற வகை உரிமம்தான், ஓவர்-அண்டர் துப்பாக்கிகள் அதில் அடங்கும். கட்டணம் நூறு டாலருக்குள். உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும்.

விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டியவை இவை:

சான்று தருபவர்கள் இரண்டு பேர். அவர்கள் உங்களை மூன்று ஆண்டாவது அறிந்தவர்களாக இருக்க வேண்டும். நாட்டுக்கு வந்து அதிக நாள் ஆகாதவர்களுக்கு இந்த இடம்தான் இடிக்கும். உங்களுக்கு அப்படி யாரும் இல்லையென்றால், படிவத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், முன்கூட்டியே கனேடிய சுடுகலன் திட்ட அலுவலகத்தை அழைத்து வழி கேளுங்கள். புகைப்படத்துக்கு உறுதி அளிப்பவர் தனி, அவருக்கு உங்களை ஓராண்டு தெரிந்திருந்தால் போதும்.

மனைவி அல்லது கணவரின் கையெழுத்து. கடந்த இரண்டு ஆண்டுக்குள் பிரிந்த துணை இருந்தால் அவர் விவரமும் கேட்கப்படும். கையெழுத்து இல்லாவிட்டால் அதிகாரிகளே அவருக்குத் தகவல் தெரிவிப்பார்கள். வீட்டில் சொல்லாமல் விண்ணப்பிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

தனிப்பட்ட கேள்விகள். விவாகரத்து, வேலை இழப்பு, திவால், மனநலச் சிகிச்சை பற்றியெல்லாம் கேட்பார்கள். ‘ஆம்’ என்று பதில் சொன்னாலே நிராகரிப்பு என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை, கூடுதலாக விசாரிப்பார்கள், அவ்வளவுதான். பொய் சொல்வதுதான் குற்றம். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்ததை மறைக்கும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. இந்தப் படிவத்தில் அது வேண்டவே வேண்டாம்.

முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு சட்டத்திலேயே இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் மொத்தம் 45 நாள் என்பது கணக்கு. நடைமுறையில் அதற்கு மேலும் ஆகலாம். எனக்குச் சான்று தந்த நண்பர் தெரியாத எண் என்று அழைப்பை எடுக்காமலே விட்டதில் விண்ணப்பம் அப்படியே நின்றது. உங்கள் ஆட்களிடம் ‘அடுத்த சில வாரம் எந்த எண்ணிலிருந்து வந்தாலும் எடுங்கள்’ என்று சொல்லி வையுங்கள்.

3. வேட்டை அட்டைகள்

இது எளிது. ஒன்டாரியோவின் அவுட்டோர்ஸ் கார்டு, அதில் துப்பாக்கி வேட்டைக்கான எச்1 தகுதி, அப்புறம் சிறு விலங்கு வேட்டை உரிமம். வாத்துக்கும் கனடா கூஸுக்கும் இவற்றோடு மத்திய அரசின் வலசைப் பறவை அனுமதியும் வாழிட முத்திரையும் தேவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சிறு தொகைதான் கட்ட வேண்டியிருக்கும்.

தடுக்கி விழும் இடங்கள் வேறு. தெற்கு ஒன்டாரியோவில் ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி வேட்டை எல்லா ஊராட்சிகளிலும் அனுமதிக்கப்படவில்லை. போகும் இடத்தின் விதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள், வேலி இல்லை என்பது அனுமதி ஆகாது. இந்தியாவில் பல பத்தாண்டுகளாக வேட்டைக்குத் தடை என்பதால், நம்மில் பலர் இந்த விதிகளோடு வளரவில்லை. ஆண்டுதோறும் வெளிவரும் வேட்டை விதிச் சுருக்கத்தை முழுதாக ஒரு முறை படித்தே தீர வேண்டும்.

4. முதலில் கண், பிறகு தோள், கடைசியில் விலை

இனி துப்பாக்கிக்கு வருவோம். இந்தப் பகுதியில் நேரம் செலவிடுங்கள்.

உங்கள் ஆதிக்கக் கண் எது என்று தெரியுமா? இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்தில் ஒரு பொருளைப் பாருங்கள். இடக்கண்ணை மூடினாலும் பொருள் அங்கேயே தெரிந்தால் வலக்கண் ஆதிக்கம். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆதிக்கமாக இருப்பது அபூர்வம் இல்லை. அப்படி இருந்தால் இடத்தோளில் சுடப் பழகலாம், அல்லது கண்ணாடியில் இடக்கண் முன்னால் சிறு ஒட்டு ஒட்டலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் துப்பாக்கி மாற்றி மாற்றி வாங்குவதில் பயனில்லை.

அடுத்தது அளவு. ரைபிளைக் குறிபார்ப்பார்கள், ஓவர்-அண்டர் போல சிறு குண்டுகளைச் சிதறச் சுடும் ஷாட்கன்னை அப்படிக் குறிபார்ப்பதில்லை. கண் பறக்கும் தட்டின்மேல்தான் இருக்கும், குழல் தானாக அங்கே போக வேண்டும். அதாவது உங்கள் கண்தான் பின்குறி. தோளில் பதியும் பின்பகுதியான கட்டை, கன்னத்தில் எங்கே உட்காருகிறதோ அதற்கேற்பக் கண்ணின் உயரம் மாறும், குண்டு போகும் இடமும் மாறும். கடையில் இதைச் செய்து பாருங்கள்: துப்பாக்கி காலி என்பதை விற்பனையாளரோடு சேர்ந்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சுவரின் ஒரு மூலையைப் பாருங்கள். கண்ணை மூடி, இயல்பாகத் தோளில் ஏற்றுங்கள். கன்னம் கட்டையில் பதிந்த பின் கண்ணைத் திறங்கள். குழலின் மேல்பட்டை நேராக, சிறிதளவே தெரிந்தால் நல்லது. பட்டையே தெரியாமல் பின்பகுதி இரும்பு மட்டும் தெரிந்தால் கட்டை உங்களுக்குத் தாழ்வு. பட்டை நீளமான சாலை போல விரிந்து தெரிந்தால் உயரம் அதிகம். பக்கவாட்டில் சாய்ந்து தெரிந்தாலும் பொருந்தவில்லை என்றுதான் பொருள். ஐந்தாறு முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் தலையை நகர்த்திச் சரிசெய்ய வேண்டியிருந்தால் அந்தத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள நீளம் கடைத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் பதினான்கரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். சற்று உயரம் குறைந்தவர்களுக்கும் பெண்கள் பலருக்கும் இது நீளம். தோளில் ஏற்றும்போது கட்டை அக்குளில் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று: ஜூலையில் டி-ஷர்ட்டோடு பொருந்தும் துப்பாக்கி, நவம்பரில் தடித்த கோட்டுக்கு மேல் நீளமாகிவிடும். ஆகவே கடைக்குப் போகும்போது வேட்டைக் கோட்டையும் எடுத்துப் போங்கள். கட்டையைக் குறைக்கவும் வளைக்கவும் துப்பாக்கித் தச்சர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் மலிவான துப்பாக்கி வாங்கி, மிச்சப்பட்ட பணத்தில் அதை உங்கள் உடம்புக்குப் பொருத்திக்கொள்வது, விலை உயர்ந்ததைப் பொருந்தாமல் வைத்திருப்பதைவிட எவ்வளவோ மேல்.

5. எந்த அமைப்பு

இரண்டு வேலைக்கும் ஒரே துப்பாக்கி என்றால் என் பரிந்துரை இது: 12 கேஜ் (கேஜ் என்பது குழலின் உள் அகலத்தைக் குறிக்கும் எண், எண் சிறிதானால் குழல் பெரிது), தோட்டா உட்காரும் அறை 3 அங்குலம், 28 அல்லது 30 அங்குலக் குழல், கழற்றி மாட்டும் சோக் (கீழே விளக்குகிறேன்), ஏழேகால் முதல் ஏழே முக்கால் பவுண்டு எடை.

20 கேஜ் இலகுவானது, க்ரௌஸ் தேடி நாள் முழுக்க நடப்பவர்களுக்கு இனிமையானது. ஆனால் துப்பாக்கி இலகுவானால் உதை கூடும். எஃகுக் குண்டுத் தோட்டாக்களும் 12 கேஜில்தான் நிறைய வகைகளில் கிடைக்கின்றன. உதைக்குப் பயந்தால் 12 கேஜிலேயே 24 அல்லது 28 கிராம் குண்டு கொண்ட தோட்டா போடுங்கள்.

குழல் நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பம்ப் (முன்கட்டையை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை), அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு உள்ள நீண்ட நடு இயக்கப் பகுதி இதில் இல்லை. அதனால் 30 அங்குல ஓவர்-அண்டர், கையில் 26 அல்லது 27 அங்குலப் பம்ப் அளவுக்குத்தான் இருக்கும்.

எடையில்தான் சமரசம் தேவைப்படும். ஆறரை பவுண்டு வேட்டைத் துப்பாக்கியால் நூறு தட்டு சுட்டால் தோள் சிவந்துவிடும். எட்டரை பவுண்டு போட்டித் துப்பாக்கியைச் சதுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தால் கை ஓய்ந்துவிடும்.

சோக் என்பது குழல் முனையில் உள்ள சிறு குறுக்கம். குண்டுகள் எவ்வளவு பரவும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அகன்றதிலிருந்து இறுக்கமானது வரை வரிசை இது: சிலிண்டர், ஸ்கீட், இம்ப்ரூவ்டு சிலிண்டர், மாடிஃபைட், ஃபுல். இரண்டு குழலுக்கு இரண்டு சோக் போடலாம் என்பதே ஓவர்-அண்டரின் பெரிய பலம். முதலில் கீழ்க்குழலைச் சுடுவது வழக்கம், உதை நேராகத் தோளுக்கு வரும். அதில் அகன்ற சோக்கும் மேல்குழலில் சற்று இறுக்கமானதும் போடுங்கள். ஸ்கீட்டுக்கு இரண்டிலும் ஸ்கீட், ட்ராப்புக்கு மாடிஃபைட் அல்லது அதைவிட இறுக்கமானது, க்ரௌஸுக்கு சிலிண்டர், இம்ப்ரூவ்டு சிலிண்டர்.

சேஃப்டி எனும் பாதுகாப்புப் பூட்டு தானியங்கியா என்றும் கேளுங்கள். வேட்டை மாடல்கள் பலவற்றில், துப்பாக்கியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் பூட்டு தானாக விழும். தட்டு மைதானத்தில் தட்டை எறியச் சொல்லி ‘புல்’ (pull) என்று கூவிவிட்டு விசையை இழுத்தால் ஒன்றும் நடக்காது. பூட்டு கையால் இயங்கும் மாடலாக இருப்பது இரண்டுக்கும் வசதி.

6. எஃகுக் குண்டு: இதைத் தவறவிடாதீர்கள்

கனடாவில் வாத்து, கூஸ் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. எஃகு, பிஸ்மத், டங்ஸ்டன் போன்ற நச்சற்ற குண்டுகளே அனுமதி. சட்டைப் பையில் பழைய ஈயத் தோட்டா நாலு கிடந்தாலும் சிக்கல்தான். வாத்து வேட்டைக்கென்று தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள்.

எஃகு நசுங்காது. அதனால் இறுக்கமான சோக்கில், குறிப்பாகப் பழைய துப்பாக்கிகளின் நிலையான ஃபுல் சோக்கில், அது குழலையே பாழாக்கலாம். எஃகுக்கு மாடிஃபைடுக்கு மேல் போக வேண்டாம். சோக்கிலேயே எழுதியிருப்பதைப் படியுங்கள். ஐரோப்பியத் துப்பாக்கியின் குழலில் சிறு லில்லிப் பூ முத்திரை இருந்தால் உயர் அழுத்த எஃகுத் தோட்டாவுக்குச் சோதிக்கப்பட்டது என்று பொருள். முத்திரை இல்லாத பழைய துப்பாக்கி என்றால் தச்சரிடம் காட்டாமல் எஃகு போடாதீர்கள்.

வலசைப் பறவைகளுக்குத் துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஓவர்-அண்டரில் இரண்டுதான் என்பதால் அந்தக் கவலை நமக்கு இல்லை.

7. விலையும் பிராண்டும்

துருக்கித் தயாரிப்புகள் ஆயிரம் டாலரை ஒட்டித் தொடங்கும். இத்தாலியின் பெரெட்டா சில்வர் பிஜியன், ஜப்பானில் மிரோக்கு செய்யும் பிரவுனிங் சிட்டோரி ஆகியவை புதிதாக மூவாயிரம் டாலரை ஒட்டி அல்லது அதற்கு மேல். இவை நான் தேடியபோது இருந்த நிலவரம். எல்லாவற்றுக்கும் மேல் 13 சதவீத வரி உண்டு, கடைக்காரர் சொல்லும் விலையில் அது சேர்ந்திருக்காது.

ஆண்டுக்கு நாலு பெட்டித் தோட்டா மட்டும் சுடப் போகிறவருக்குத் துருக்கித் துப்பாக்கி போதும். வாராவாரம் மைதானம் போகும் எண்ணம் இருந்தால், அதே பணத்துக்குமேல் கொஞ்சம் சேர்த்து, பழைய பெரெட்டாவோ சிட்டோரியோ பாருங்கள். அவை பல பத்தாயிரம் தோட்டாவைத் தாங்கும், உதிரிப்பாகம் கிடைக்கும், திரும்ப விற்றாலும் விலை போகும். நன்றாகப் பராமரித்த பழைய துப்பாக்கிதான் என் தேர்வு.

துப்பாக்கியைவிடத் தோட்டாவுக்குத்தான் அதிகம் செலவாகும் என்பதையும் முதலிலேயே கணக்கில் எடுங்கள். ஒரு பெட்டியில் 25 தோட்டா, அதாவது ஒரு சுற்று. பத்துப் பெட்டி கொண்ட கட்டாக வாங்கினால் விலை குறையும்.

8. பழையதை வாங்கும்போது

துப்பாக்கியைத் திறக்கும் மேல் நெம்புகோலைப் பாருங்கள். மூடிய நிலையில் அது நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம் நின்றால் தேய்மானம் குறைவு, இடப்புறம் தாண்டியிருந்தால் நிறையத் தேய்ந்தது. முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியை ஆட்டுங்கள். குழலுக்கும் உடலுக்கும் நடுவே ஆட்டம் இருக்கக் கூடாது.

குழலைத் தனியாகக் கழற்றி வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். உள்ளே நிழல் வளையம் தெரிந்தால் நெளிவு அல்லது வீக்கம், வேண்டாம். குழலைத் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் சரி, கரகரத்தால் மேல்பட்டை எங்கோ விட்டிருக்கிறது. சோக்குகளைக் கையால் கழற்றி மாட்டிப் பாருங்கள், துருப்பிடித்து இறுகியிருக்கக் கூடாது. கட்டை இரும்போடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ தெரியாமல் கை வைத்திருக்கிறார்கள். விசையைப் போலித் தோட்டா போட்டுத்தான் சோதிக்க வேண்டும், வெறுமனே இழுக்க வேண்டாம்.

9. கைமாறும் நாள்

கடையோ தனியாரோ, 2022 மே 18 முதல் விற்பவர் உங்கள் உரிமத்தைச் சரிபார்த்து, சுடுகலன் பதிவாளரிடமிருந்து குறிப்பு எண் பெற்ற பிறகுதான் துப்பாக்கியைத் தர முடியும். ‘அதெல்லாம் வேண்டாம், பணத்தைக் கொடுத்து எடுத்துப் போங்கள்’ என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள், விலை பாதியாக இருந்தாலும்.

வீட்டுக்குக் கொண்டுபோகும்போது துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும். வழியில் காரை விட்டு இறங்கினால், பூட்டிய டிக்கியில் இருக்க வேண்டும். வீட்டில் விசைப்பூட்டு போடுங்கள், அல்லது எளிதில் உடைக்க முடியாத பூட்டிய பெட்டியில் வையுங்கள். தோட்டாவைத் தனியாகப் பூட்டி வையுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் நான் சொல்வது: இரண்டு பூட்டும் போடுங்கள், சாவி உங்களோடே இருக்கட்டும். பெட்டிக்கான செலவையும் முதல் நாள் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

நண்பருடைய 20 கேஜ் தோட்டாவை உங்கள் 12 கேஜ் தோட்டாப் பைக்குள் ஒருபோதும் விடாதீர்கள். 12 கேஜ் அறையில் அது நழுவி உள்ளே போய்க் குழலில் அடைத்துக்கொள்ளும், வெளியே தெரியாது. அதன் பின்னால் 12 கேஜைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான்.

10. முதல் வேட்டைக்கு முன்

பெரிய காகிதம் ஒன்றை மைதானத்தின் சோதனைப் பலகையில் ஒட்டி, நீங்கள் வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே தோட்டா, அதே சோக்கோடு சுட்டுப் பாருங்கள். எஃகு ஒரு விதமாகப் பரவும், ஈயம் வேறு விதமாகப் பரவும். முப்பது கஜத்தில், குண்டுகள் பட்ட வட்டத்துக்குள் பெரிய வெற்றிடங்கள் தெரிந்தால் சோக்கை மாற்றி மறுபடி சுடுங்கள். நாற்பதில் பரவல் மெலிந்துவிட்டால், உங்கள் எல்லை முப்பத்தைந்து என்று வைத்துக்கொண்டு, அதற்கு அப்பால் பறக்கும் வாத்தைச் சுடாமல் விட்டுவிடுங்கள்.